ஏழு வாரமாக ஒரே தோடி

சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது: "நிறையக் கேட்பவர்கள் எல்லாம் இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? எனக்கும் கர்நாடக இசை பிடிக்கிறது. ஆனால் ஆலாபனை ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மனம் எங்கோ போய்விடுகிறது. நீங்கள் கேட்பதிலிருந்து எனக்கும் ஏதாவது ஒன்று சொல்லுங்களேன்."

ஏழு வாரமாக நான் கேட்பது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம். அதிலும் தோடி ராகம். காரில் போகும்போது பிள்ளைகள் போடுகிற பாட்டெல்லாம் காதில் விழத்தான் செய்கிறது, சிலது நன்றாகவும் இருக்கிறது. ஆனால் நானாகத் தேடிப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேட்பது இது ஒன்றைத்தான். உங்களுக்கும் இதையேதான் சொல்லப்போகிறேன். எடுத்த எடுப்பில் நாகஸ்வரத் தோடியா என்று மலைக்க வேண்டாம். ஆலாபனையில், அதாவது பாட்டும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துக்கொண்டு போகிற இடத்தில், மனம் சிதறுகிறது என்கிறவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தோடியை நான் முதலில் கேட்டது அப்பாவின் கேசட்டில். யாரோ வானொலியிலிருந்து பிடித்து, அதிலிருந்து இன்னொருவர் பிரதி எடுத்து, மூன்றாம் கையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அறுபது நிமிட கேசட். முதல் பக்கம் முடிகிற இடத்தில் நாடா தீர்ந்துபோய், தோடி பாதியில் அப்படியே அறுந்துவிடும். பதினைந்து வயதில் எனக்கு அந்த அறுந்த இடம்தான் தோடியின் முடிவு. கீழிருந்து படிப்படியாக ஏறி, 'நி' என்கிற நிஷாதத்தில் நின்று நின்று பார்த்து, இதோ மேலே போகப்போகிறார் என்கிற இடத்தில் 'டக்' என்று சத்தம் கேட்கும். பல வருடம் கழித்து அந்த வாசிப்பு முழுதாகக் கிடைத்தபோதுதான் அந்த 'டக்'குக்கு அப்புறம் மேல் ஷட்ஜம், அதாவது மேல் 'ஸ', வருகிறது என்று தெரிந்தது. அதில் அவர் நிற்கிற நிற்பு இருக்கிறதே, அதைக் கேட்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, தோடிக்கு வருவோம். வீட்டில் கீபோர்டு இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கட்டையில், அதாவது இரண்டு கறுப்புக் கட்டைக்கு முன்னால் இருக்கிற வெள்ளைக் கட்டையில் ஷட்ஜத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கறுப்பு ரிஷபம், அதற்கடுத்த கறுப்பு காந்தாரம். பிறகு ஒரு வெள்ளையைத் தாண்டி அடுத்த வெள்ளை மத்தியமம், அதற்கடுத்த வெள்ளை பஞ்சமம். அப்புறம் பஞ்சமத்தை ஒட்டிய கறுப்பு, அதற்கடுத்த கறுப்பு, மேல் ஷட்ஜம். இதுதான் எட்டாவது மேளகர்த்தாவான, அதாவது தாய் ராகமான, ஹனுமத்தோடியின் ஏழு ஸ்வரம். வாசித்துப் பார்த்தால் ஏதோ சிந்துபைரவி சாயலில் ஒன்று கேட்கும். தோடி கேட்காது. எத்தனை முறை வாசித்தாலும் கேட்காது. இந்துஸ்தானிக்காரர்கள் இதே ஏழு ஸ்வரத்தைத்தான் பைரவி என்கிறார்கள். அவர்கள் தோடி என்று பாடுவது வேறு ஸ்வரங்கள் கொண்ட வேறு ராகம்.

அப்படியானால் நம் தோடி எங்கே இருக்கிறது? காந்தாரத்தில் இருக்கிறது. கீபோர்டில் காந்தாரம் ஒரு புள்ளி. தோடியில் அது புள்ளி இல்லை, ஒரு அசைவு. கீழே ரிஷபத்தைத் தொட்டுவிட்டு, மேலே மத்தியமத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆட்டம் கொஞ்சம் குறைந்தால் ராகம் வெளிறிவிடும், கூடினால் கொச்சையாகிவிடும். அந்த அளவை எந்தப் புத்தகமும் எழுதிக் கொடுத்துவிட முடியாது, கேட்டுக் கேட்டுத்தான் வரும். ராஜரத்தினத்தின் காந்தாரம் ஆடுவதை ஒரே ஒரு முறை கவனித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் யார் பாடினாலும் தோடியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். காந்தாரத்துக்கு அடுத்தபடியாக, பஞ்சமத்தை விட்டுவிட்டு 'க ம த நி, நி த ம க ரி' என்று அவர் சுற்றி வருகிற இடங்களைக் கேளுங்கள். பஞ்சமம் இல்லாமல் அப்படியே ரொம்ப நேரம் போய்க்கொண்டிருப்பார். காலூன்ற இடமில்லாமல் நடப்பது போல ஒரு தவிப்பு வரும். அப்புறம் ஒரு இடத்தில் பஞ்சமத்தை ஆட்டமே இல்லாமல் நேராக வைப்பார். மூச்சு வாங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இதை நாகஸ்வரத்தில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், அந்த வாத்தியத்தில் கீபோர்டு மாதிரி கட்டையும் கிடையாது, வீணை மாதிரி மெட்டும் கிடையாது. விரல் வைக்கிற துளை ஏழுதான். மற்ற துளைகள் சுருதியைச் சரிசெய்வதற்கு. மெழுகு வைத்து அடைப்பார்கள், திறப்பார்கள். அந்த ஏழு துளையில் விரலைப் பாதி தூக்கியும், கால்வாசி மூடியும், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை உதட்டில் அழுத்தியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும்தான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அந்த அசைவு, முழுவதும் பிறக்கிறது. காவிரிக் கரையில் விளைகிற நாணல் தட்டையில் செய்த சீவாளி ஒரு விரல் நீளம்கூட இருக்காது. வித்வான்கள் நாலைந்தைக் கயிற்றில் கோத்து நாகஸ்வரத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். ஒன்று எச்சிலில் ஊறி நைந்துபோனால் அடுத்தது. அவ்வளவு நலிந்த ஒரு தட்டை வழியாகத்தான் நான்கு தெருவுக்குக் கேட்கிற அந்த நாதம் வருகிறது.

ராஜரத்தினம் 1898இல் திருமருகலில் பிறந்தவர். சின்ன வயதில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டு கற்றிருக்கிறார். அது வாசிப்பில் நன்றாகவே தெரிகிறது. அவர் வாசிப்பது வாத்தியத்துக்கான சங்கதியாக இருக்காது, பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடத்தில்தான் அவரும் எடுப்பார். அவர் காலம் வரைக்கும் பெரும்பாலும் புழங்கியது திமிரி நாகஸ்வரம். குட்டையானது, சுருதி உயர்ந்தது, திறந்த வெளியில் தூரமாகக் கேட்கும், ஆனால் நாதம் கூர்மையாக இருக்கும். அவருக்கு அது போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, நீளமான, சுருதி குறைந்த பாரி நாகஸ்வரத்தைச் செம்மைப்படுத்தினார். அதில் சுத்த மத்தியமம், கீபோர்டில் நாம் எண்ணிய அதே மத்தியமம், சரியாக விழும். இன்றைக்கு நீங்கள் கல்யாணத்திலும் கோயிலிலும் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பாரிதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நரசிங்கம்பேட்டையில் இன்றும் செய்கிறார்கள். ஆச்சா மரம், அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, நன்றாகக் காய்ந்த கட்டையாக இருந்தால் விசேஷம். 2022இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போது உங்கள் ஐந்து நிமிடக் கணக்குக்கு வருகிறேன். உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று, நான்கு நிமிடத்தில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று எல்லாம் முடிந்துவிடுகிற பாட்டைக் கேட்ட காது, அந்த இடத்தில் முடிவை எதிர்பார்க்கத்தான் செய்யும். ஆனால் நாகஸ்வரத்தின் நீண்ட ஆலாபனை யாருக்காக உண்டானது என்று பாருங்கள். சபாவில் டிக்கெட் வாங்கி, மடியில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இல்லை. சுவாமி புறப்பாட்டுக்காக. ராத்திரி கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற புறப்பாட்டு வாசிப்பை வாசித்து சுவாமி கிளம்பும். அப்புறம் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று சுற்றி வரப் பல மணி நேரம். அவ்வளவு நேரமும் மேளக்காரர்தான் ராகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கேட்கிறவர்கள் யார்? பூக்கட்டுகிறவர், வண்டிக்காரர், திண்ணையில் பேரனை மடியில் படுக்கவைத்திருக்கிற ஆத்தா, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற வழியில் நின்றவர். அவர்களுக்கு மேளகர்த்தா எண் தெரியாது. ஆனால் வாசிப்பு சோடை போனால் அதே சனம் நகர்ந்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்து ராக ஆலாபனையின் விரிவு இப்படித் தெருவில் நின்றவர்களை நிறுத்திவைப்பதற்காக வளர்ந்ததுதான் என்பது என் எண்ணம். ஜி.என்.பாலசுப்பிரமணியம் போன்ற பாடகர்களின் பிருகாவில், அதாவது வேகமாக உருளுகிற சங்கதிகளில், ராஜரத்தினத்தின் நாகஸ்வரம் இருக்கிறது என்று ரசிகர்கள் சொல்வார்கள், கேட்டால் உங்களுக்கே தெரியும். ஆக, ஒன்றும் தெரியாமல் வந்து நிற்கிற ஆள் இந்த இசைக்குப் புதியவர் இல்லை. அவருக்காகத்தான் இது வாசிக்கப்பட்டது.

அதனால் கேட்கிற முறையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். காதில் செருகுகிற இயர்போன் வேண்டாம். நாகஸ்வரம் வெளியில் வாசிக்கிற வாத்தியம், அதைக் காதுத் துவாரத்துக்குள் கொண்டுபோய் வைத்தால் குத்தும். ஒரு சுமாரான ஸ்பீக்கர் போதும். அதைக் கூடத்தில் வைத்துவிட்டு நீங்கள் அடுத்த அறையிலோ மாடிப்படியிலோ உட்காருங்கள். நான் மொட்டை மாடியில் உட்காருவேன், ஸ்பீக்கர் கீழே ஜன்னலோரம் இருக்கும். விடியற்காலை ஐந்து மணி, தெரு இன்னும் எழுந்திருக்காது. பழைய பதிவு ஆனதால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல் கூடவே வரும். முதல் ஒரு நிமிடம் அது தொந்தரவாக இருக்கும், அதற்குமேல் காது தானாக அதை ஒதுக்கிவிடும். இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்த பதிவுகளும் கிடைக்கின்றன. அவற்றில் சிலவற்றில் இரைச்சலோடு சேர்ந்து நாதத்தின் மேல் முனையும் போய்விட்டது. நான் இரைச்சலோடு இருப்பதையே வைத்திருக்கிறேன்.

முதல் வாரத்துக்கு அந்தக் கால இசைத்தட்டில் வந்த தோடி மட்டும் போதும். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். உங்களுக்குப் பழகிய நீளம். நாலு வீதி வாசிக்கிறவர் அந்தக் கொஞ்ச நேரத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவுசெய்திருக்கிறார் பாருங்கள், அதைக் கேட்கவே தனி சுகம். ஒரு நாளைக்கு ஒரு முறை, ஏழு நாள். அப்புறம் நீளமான பதிவுக்குப் போங்கள். தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

சினிமா வழியாகவே வர வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. 1989இல் வந்த 'வருஷம் 16' படத்தில் யேசுதாஸ் பாடிய 'கங்கைக்கரை மன்னனடி' இளையராஜா தோடியில் போட்டது. அதை ஒரு முறை கேட்டுவிட்டு உடனே ராஜரத்தினத்தைப் போட்டால், அந்தக் காந்தாரம் இரண்டு இடத்திலும் உங்களைப் பார்த்துத் தலையாட்டும். எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிப் பலரும் கேட்டிருக்கிற 'தாயே யசோதா', ஊத்துக்காடு வேங்கட சுப்பய்யரின் பாட்டு, அதுவும் தோடிதான்.

மற்ற நாகஸ்வரக்காரர்களைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ராஜரத்தினத்தின் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்தவர், பெயர்தான் தெரிந்திருக்காது. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகி 'சிங்காரவேலனே தேவா' என்று ஆபேரி ராகத்தில் பாடும்போது கூடவே வருகிற நாகஸ்வரம் அவருடையது. குரலும் குழலும் ஒன்றையொன்று துரத்துகிற இடத்தில் எது எதுவென்று குழம்பும். அவர் நாதம் குருவினுடையதைவிடக் குளிர்ச்சியானது, மிருதுவானது. 1964இல், நாற்பத்தைந்து வயதைக்கூட எட்டாமல் போய்விட்டார். எனக்கு அது இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம்.

ஷேக் சின்ன மௌலானா இன்னொரு உலகம். ஆந்திரத்தில் பிறந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, அரங்கனுக்கு வாசித்த முஸ்லிம் வித்வான். 1998இல் சங்கீத கலாநிதி. அவரைக் கேட்கும்போது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அவர் தருகிற பொறுமையைக் கேளுங்கள். 'தில்லானா மோகனாம்பா'ளில் சிவாஜி கையில் இருந்த நாகஸ்வரத்தின் நாதம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாகஸ்வரத்தைக் காதல் செய்யத் தொடங்கியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

தவிலைப் பற்றி ஒரு வார்த்தை. பழக்கமில்லாதவர்கள் தவில் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து குறைக்காதீர்கள். ஆலாபனை நடக்கும்போது தவில் சும்மா இருக்காது, ராகத்தின் வாக்கியம் முடிகிற இடத்தில் பின்னாலிருந்து மெல்ல ஒரு சொல்லை, அதாவது ஒரு சின்னத் தட்டை, கொடுத்துத் தாங்கும். வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார்கள், இடது கையில் கழி. அந்தக் கூட்டின் சத்தம் சுத்தமாக, தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவருக்குப் பின்னால் வந்தவர்களில் அளவெட்டியில் வாழ்ந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியும் தவிலைத் தனியாக உட்கார்ந்து கேட்க வைத்தவர்கள். தட்சிணாமூர்த்தி தவிலை மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் கிடைத்தால் விடாதீர்கள். வேகத்தில் எல்லாரும் அசந்துபோவார்கள், எனக்கு அவர் இரண்டு சொல்லுக்கு நடுவில் விடுகிற இடைவெளி பிடிக்கும்.

பதிவு எல்லாம் ஒரு பக்கம். வாய்ப்பு கிடைத்தால் நேரில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதற்குப் பெரிய கச்சேரி தேவையில்லை. போன தை மாதம் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் ஏழரைக்கு மேல். ஆறு மணிக்கே போய்விட்டேன். மண்டபத்தில் மேளம் இருந்த இடம் மேடைக்கு ஓரமாக, ஐஸ்கிரீம் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில். மைக்கை நாகஸ்வரத்தின் அணசுக்குள்ளேயே, அதாவது கீழே விரிந்த வாய்க்குள்ளேயே, நுழைத்து வைத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். வித்வானுக்கு அறுபது வயது இருக்கும். சீவாளியை எடுத்து நாக்கில் நனைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"யாரையும் தேடுறீங்களா தம்பி?"

"இல்லண்ணே. கேக்கலாம்னுதான்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தவில்காரரைத் திரும்பிப் பார்த்தார். மைக்கைப் பிடித்து ஒரு முழம் தள்ளி வைத்தார். "தோடி?" என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்.

மந்தரத்தில், கீழ் ஸ்தாயியில், ஆரம்பித்தார். அவசரமே இல்லை. கிட்டத்தில் உட்கார்ந்திருந்ததால் காந்தாரத்துக்கு அவர் விரல் எப்படிப் போகிறது என்று பார்க்க முடிந்தது. துளையை விட்டு எழவே இல்லை, ஓரத்தில் மட்டும் லேசாகத் திறந்து மூடியது. உதடு சீவாளியை இறுக்கும்போது தாடை கொஞ்சம் உள்ளே போகும். கன்னத்தில் நரம்பு. பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். மத்தியமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கி, அதை ஆட்ட ஆரம்பித்த நேரம் மேடையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" மாலை மாற்றுகிறார்கள். வாக்கியத்தை முடிக்கவில்லை, அப்படியே அறுத்துவிட்டுக் கெட்டி மேளத்துக்குப் போனார். எனக்கு அப்பாவின் கேசட்டு ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் ஊஞ்சல், சடங்கு, தாலி, அட்சதை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூட்டம் எல்லாம் சாப்பாட்டுப் பந்திக்குக் கிளம்பியது. நானும் எழுந்திருக்கப் போனேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சீவாளியை மாற்றினார். சுருதிக்கு ஊதுகிற ஒத்து சேர்ந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. விட்ட காந்தாரத்தை, விட்ட அதே ஆட்டத்தில் எடுத்தார்.